வகுப்பறைக் கருவிகளும் சமத்துவமும்

கல்வி பற்றிய இன்றைய விவாதங்களில் 'தொழில்நுட்பம்' என்னுஞ் சொல் அடிக்கடி அடிபடுகின்றது. திறன் பலகை, கணினி, கைத்தொலைபேசி, செயற்கை நுண்ணறிவு என ஒவ்வொன்றாக வகுப்பறையின் வாசலுக்கு வந்து சேருகின்றன. ஒவ்வொன்றும் வரும்போது ஓர் உறுதிமொழியும் கூடவே வருகின்றது. மெல்லக் கற்கும் பிள்ளைக்கும் விரைந்து கற்கும் பிள்ளைக்கும், கண் தெரியாத பிள்ளைக்கும் காது கேளாத பிள்ளைக்கும், வீட்டில் ஒரு மொழியும் பாடசாலையில் வேறொரு மொழியும் கேட்டு வளரும் பிள்ளைக்கும் இனி ஒரு குறையுமில்லை என்பதே அவ்வுறுதிமொழி.

இவ்வுறுதிமொழி புதியதன்று. சென்ற இருநூற்றைம்பது ஆண்டுகளில் வகுப்பறைக்குள் வந்த கருவிகள் பலவும் இதனைச் சொல்லிக்கொண்டே வந்தன. அவற்றுட் சில வாக்கைக் காத்தன, பல காக்கவில்லை. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? கருவியின் நுட்பத்தில் மட்டும் இதற்கு விடை தேடுவது போதாது. அக்கருவியைத் தீர்மானித்தவர் யார், எந்நோக்கத்துக்காகத் தீர்மானித்தனர், அதனைக் கொண்டு கற்கவேண்டிய மாணாக்கரின் குரலுக்கு அத்தீர்மானத்தில் இடமிருந்ததா என்பவற்றையும் நாம் ஆராய்தல் வேண்டும். வரலாறு இவ்விடயத்தில் நமக்குத் தெளிவான பாடங்களைத் தருகின்றது.

முதலாவது பாடம் நமது திண்ணையிலிருந்தே தொடங்குகின்றது. தமிழ் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலிலே விரலால் எழுதி எழுத்தறிந்தனர் என்பது யாவரும் அறிந்ததே. மணலுக்கு விலையில்லை, பிழைத்தால் அழித்தெழுத ஒரு கை வீச்சுப் போதும். விரலின் அசைவோடு எழுத்தின் வடிவமும் ஒலியும் ஒருங்கே மனத்திற் பதியும். ஒரு பிள்ளை மணலில் எழுத, வேறொரு பிள்ளை ஓலையில் எழுத, மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை சிறியோருக்குச் சொல்லிக் கொடுப்பான். எல்லோரும் ஒரே நாளில் ஒரே பாடத்தை முடித்தாக வேண்டும் என்னும் நிர்ப்பந்தம் அங்கிருக்கவில்லை.

1787ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த அந்துரு பெல் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார், 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்கள் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஆங்கிலப் படையினருக்கு இந்நாட்டுத் தாய்மாரிடம் பிறந்த பிள்ளைகளே அங்கு பெரும்பாலும் பயின்றனர். ஒரு நாட் காலை குதிரையிற் செல்கையில், 'மலபார்ப்' பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதை அவர் கண்டார். தமிழரை அக்காலத்து ஐரோப்பியர் 'மலபார்கள்' என்றே வழங்கினர். தமது பள்ளியிலும் இம்முறையைப் புகுத்த அவர் முனைந்தபோது அங்கிருந்த ஆசிரியர்கள் இணங்கவில்லை. ஆகவே சாதாரண படைவீரனொருவனின் மகனான யோன் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் வெற்றி கண்டான். 1797இல் பெல் இலண்டனில் வெளியிட்ட அறிக்கையின் மூலம் 'சென்னை முறை' இங்கிலாந்தெங்கும் அறியப்படலாயிற்று.

ஆனால் கடல் கடந்த மணலுக்கு நேர்ந்தது என்ன? இங்கிலாந்தில் ஆலைகள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. தொழிலாளரின் பிள்ளைகளை ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவராய் ஆக்கவேண்டும். ஆனால் அதிகம் செலவிடலாகாது என்பதே ஆளும் வர்க்கத்தின் தேவையாக இருந்தது. யோசேப் லங்காஸ்ரர் 1798இல் இலண்டனில் தொடங்கிய பள்ளியும், பெல்லின் முறையைப் பின்பற்றி 1811இல் எழுந்த தேசியச் சங்கத்தின் பள்ளிகளும் இத்தேவைக்கு ஏற்ப அமைந்தன. ஓர் ஆசிரியரே ஆயிரம் பிள்ளைகளையும் கற்பிக்கலாம் என்று லங்காஸ்ரர் பெருமையடித்தார். ஏழைகளின் பிள்ளைகள் அனைவருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்கவேண்டுவதில்லை என்றும், நாளாந்த உடலுழைப்புக்கெனப் பிறந்தோரின் மனத்தை அவர்தம் நிலைக்கு மேலே உயர்த்திவிடுதல் ஆபத்தானது என்றும் பெல் எழுதினார். திண்ணையிலே ஒவ்வொரு பிள்ளையின் நடைக்கும் இடமளித்த மணல், அங்கே மணியோசைக்கும் கட்டளைக்கும் ஏற்ப நூற்றுக்கணக்கான விரல்கள் ஒருசேர அசையும் மலிவான இயந்திரமாயிற்று. கருவி ஒன்றே, அதனைக் கையாண்ட சமூக நோக்கம் வேறு.

இதனைக் கூறுகையில் நமது திண்ணையைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. 1822இல் சென்னை ஆளுநர் தோமஸ் மன்றோ நடத்திய கணக்கெடுப்பின் முடிவில் அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 188,650 மாணாக்கரும் இருந்தமை தெரியவந்தது. அம்மாணாக்கருள் பெண்கள் மிகச் சிலரே. தீண்டாமையின் பெயரால் ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்குத் திண்ணை எட்டாத உயரத்திலேயே இருந்தது. மணல் எங்கும் கிடந்தது. மணலைச் சுற்றி அமரும் உரிமை எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தின் வரலாறும் இதற்கு விலக்கன்று. ஐரோப்பியர் கொண்டுவந்த வகுப்பறையின் மிக எளிய கருவிகளுள் ஒன்று வாங்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்குள்ள பாடசாலைகள் பலவற்றில் உயர்சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருக்க, ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகள் நிலத்தில் இருந்தனர்; சில இடங்களில் வெளியே நின்றனர். 1920களின் இறுதியில், அரசாங்க உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்படவேண்டுமென்ற கட்டளை பிறந்தபோது எழுந்த எதிர்ப்பில் பாடசாலைகள் சில தீக்கிரையாயின. இருவர் பக்கத்திற் பக்கம் இருப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒரு மரப்பலகை, இருவரைப் பிரிப்பதற்குப் பயன்பட்டதென்றால் அதில் மரத்தின் குற்றம் ஏதுமில்லை. அந்த வாங்கைச் சமமாக்கியவர்கள் தச்சர்கள் அல்லர். சமத்துவத்துக்காகப் போராடிய மக்களே.

கருவியைப் பிறர் தீர்மானிக்கும்போது நேர்வது இதுவென்றால், கற்போரே தீர்மானிக்கும்போது நேர்வது யாது? இதற்கு விடையாக உலகக் கல்வி வரலாற்றில் பிரெயில் எழுத்தின் கதையைக் காட்டிலும் சிறந்த சான்று காண்டல் அரிது.

பிரெஞ்சுப் புரட்சிக்குச் சற்று முன்னர், 1785இல், பாரிஸ் நகரில் வலன்ரீன் ஹாயி என்பார் விழிப்புலனற்ற சிறுவருக்கென ஒரு பள்ளியை நிறுவினார். கண் தெரியாதவர்கள் பிச்சையெடுத்தும் கேலிக்கூத்தாடியும் பிழைக்கவேண்டியிருந்த காலத்தில் அவர்களுக்கும் கல்வி உண்டு என்று காட்டிய அவரது மனிதாபிமானம் போற்றற்குரியது. ஆயின் அவர் கையாண்ட கருவி, கண்ணுள்ளோரின் கண்கொண்டே சிந்திக்கப்பட்டது. தடித்த காகிதத்தில் உரோம எழுத்துக்களைப் புடைப்பாக அச்சிட்டு, அவற்றின் வளைவுகளை விரலால் தடவித் தடவி வாசிக்கச் செய்தார். ஒரு சொல்லை அறிவதற்குள் முதலெழுத்து மறந்துபோகும். நூல்களோ பெரியவை, பாரமானவை, விலைமிக்கவை. இவையனைத்திலும் பெரிய குறையொன்று இருந்தது. அம்முறையில் மாணாக்கன் வாசிக்கலாம், எழுத முடியாது. பிறர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும் உரிமையே அவனுக்குத் தரப்பட்டது. தான் எண்ணியதைப் பதிந்துவைக்கும் உரிமை தரப்படவில்லை.

இப்பள்ளிக்கு 1819இல் பத்து வயதுச் சிறுவனாக வந்துசேர்ந்தான் லூயி பிரெயில். 1809ஆம் ஆண்டு சனவரி 4ஆம் திகதி கூப்வ்றே என்னும் சிற்றூரில், குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளியொருவரின் மகனாகப் பிறந்தவன். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசி கண்ணிற் பட்டதால் பார்வையை இழந்தான். 1821இல் சார்ல்ஸ் பார்பியே என்னும் முன்னாட் படை அதிகாரி, புள்ளிகளால் எழுதும் முறையொன்றை அப்பள்ளிக்குக் கொண்டுவந்தார். புள்ளியை விரல் விரைந்து உணரும் என்பதை மாணாக்கர் உடனே கண்டுகொண்டனர். எனினும் ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வேண்டியிருந்தமையால் அது விரல் நுனிக்குள் அடங்கவில்லை; ஒலிகளை மட்டுமே குறித்தமையால் எழுத்துக்கூட்டலுக்கும் நிறுத்தக்குறிகளுக்கும் அதில் இடமில்லை.

பிரெயில் இம்முறையைத் தன் விரலாலேயே ஆராய்ந்தான். பகலில் பாடமும் இரவில் ஆராய்ச்சியுமாக உழைத்து, 1824இல், தன் பதினைந்தாவது வயதில், ஆறு புள்ளிகளைக் கொண்ட முறையை உருவாக்கிவிட்டான். இரண்டு நிரல், ஒவ்வொன்றிலும் மூன்று புள்ளிகள். எழும் புள்ளிகள் எவை என்பதைக் கொண்டு 63 குறிகளை அமைக்கலாம். எழுத்து, எண், நிறுத்தக்குறி, இசை ஆகிய அனைத்தும் இதனுள் அடங்கின. விரல் நுனியை ஒருமுறை வைத்த அளவிலே ஓர் எழுத்து முழுமையாகத் தட்டுப்பட்டது. ஒரு சட்டமும் ஓர் எழுத்தாணியும் இருந்தால் எவரும் எழுதலாம். 1829இல் இம்முறை நூலாக வெளிவந்தது. 1837இல் திருத்திய பதிப்பு வந்தது. கண்ணுள்ளோருக்குக் கடிதம் எழுதவும் தம்மவர்க்கு வழி வேண்டுமென்று, 1839இல், சாதாரண எழுத்துக்களின் வடிவங்களையே புள்ளிகளால் அமைக்கும் வேறொரு முறையையும் அவர் வகுத்தார்.

இத்தகைய அரும்பெருங் கண்டுபிடிப்பை அப்பள்ளி உடனே வரவேற்றிருக்கும் என்று நாம் எண்ணலாம். நடந்தது வேறு. 1840இல் அதிபரான டூபோ என்பவர் பிரெயில் எழுத்தைத் தடைசெய்தார். கண் தெரியாதோர் தமக்கெனத் தனி எழுத்தை வைத்துக்கொண்டால் ஏனையோரிடமிருந்து பிரிந்துவிடுவர் என்பதே அதனை எதிர்த்தோர் கூறிய நியாயம். கண்ணுள்ள ஆசிரியர்கள் தம்மால் வாசிக்க இயலாத எழுத்தொன்று மாணாக்கர் கையில் இருப்பதை விரும்பவில்லை என்பதும் இதனுள் அடங்கியிருந்தது. மாணாக்கரோ விட்டுக்கொடுக்கவில்லை, மறைவாக எழுதினர், ஒருவருக்கொருவர் கற்பித்தனர். துணை அதிபர் குவாடே மாணாக்கரின் பக்கம் நின்று வாதாடினார். 1844இல் புதிய கட்டடத் திறப்பு விழாவின்போது பொதுமக்கள் முன்னிலையில் இம்முறை செய்து காட்டப்பட்டது. 1852 சனவரி 6ஆம் திகதி பிரெயில் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1854இலேதான் பிரான்சு இம்முறையை உத்தியோகபூர்வமாக ஏற்றது.

இதே நூற்றாண்டில் செவிப்புலனற்றோருக்கு நேர்ந்த கதி இன்னுங் கொடியது. 1880இல் இத்தாலியின் மிலான் நகரிற் கூடிய கல்வியாளர் மாநாடு, பள்ளிகளில் சைகை மொழியைக் கைவிட்டு வாய்ப்பேச்சு முறையையே கையாளவேண்டுமெனத் தீர்மானித்தது. அம்மாநாட்டில் வாக்களித்தோர் ஏறத்தாழ அனைவரும் காது கேட்பவர்களே. அதன் விளைவாகப் பல நாடுகளில் பல தலைமுறைப் பிள்ளைகளின் கைகள் வகுப்பறையிற் கட்டப்பட்டன. செவிப்புலனற்ற ஆசிரியர்கள் தொழிலிழந்தனர். 130 ஆண்டுகள் கழிந்த பின்னர், 2010இல், வன்கூவர் நகரில் நடந்த மாநாட்டிலேதான் அத்தீர்மானங்கள் பகிரங்கமாக நிராகரிக்கப்பட்டன. பாரிஸ் மாணாக்கர் வென்றனர். மிலானில் மாணாக்கர் தோற்றனர். முன்னையதில் கற்போரே கருவியைப் படைத்துக் காத்தனர். பின்னையதில் அவர்களைக் கேளாமலே அவர்களுக்காகத் தீர்ப்புக் கூறப்பட்டது.

கருவிக்கு உரிமைகொண்டாடும் போட்டியும் மாணாக்கரையே வதைத்தது. அமெரிக்காவில் ஒன்றோடொன்று ஒவ்வாத புள்ளியெழுத்து முறைகள் பல தோன்றின. ஒவ்வொரு நிறுவனமும் தன் முறையே சிறந்ததெனப் பிடிவாதம் பிடிக்க, விழிப்புலனற்ற வாசகர் ஒரே மொழியை வாசிக்க மூன்று நான்கு எழுத்து முறைகளைக் கற்கவேண்டியதாயிற்று. 1932இலேதான் அமெரிக்காவும் பிரித்தானியாவும் ஆங்கிலத்துக்குப் பொதுவான முறையொன்றில் உடன்பட்டன. இப்போட்டியின் நடுவே பிராங் ஹோல் என்னும் ஆசிரியரின் செயல் தனித்து நிற்கின்றது. இலினோய் மாநிலத்து விழிப்புலனற்றோர் பள்ளியின் தலைவராயிருந்த அவர் 1892இல் பிரெயில் தட்டச்சுப் பொறியை அமைத்தார். அதற்குக் காப்புரிமை பெற்று இலாபம் ஈட்ட அவர் முனையவில்லை. அறிவைப் பொதுவுடைமையாகக் கருதிய ஆசிரியர்களுக்கு இவரும் ஓர் எடுத்துக்காட்டு.

நமது பிராந்தியத்திலும் இக்குழப்பம் இருந்தது. இந்திய மொழிகளுக்கெனப் பலர் பலவாறு புள்ளியெழுத்துக்களை வகுத்திருந்தனர். சுதந்திர இந்தியாவும் யுனெஸ்கோவும் மேற்கொண்ட முயற்சியின் பயனாக 1951இல் 'பாரதி பிரெயில்' என்னும் பொது முறை உருவாயிற்று. ஒரே ஒலிக்கு, மொழி எதுவாயினும், ஒரே புள்ளிக்குறி என்பதே அதன் அடிப்படை. அச்சிலே 'கொ' என்று எழுதும்போது மெய்க்கு முன்னே கொம்பும் பின்னே காலும் வருகின்றன. புள்ளியெழுத்திலோ ககரத்தை அடுத்து ஒகரம், அவ்வளவே. தமிழ்ப் பிரெயில் இம்முறையைச் சார்ந்தது. சிங்களப் பிரெயிலும், சில எழுத்துக்கள் நீங்கலாக, இம்முறையையே சார்ந்தது.

இவ்வுண்மையின் முன் நாம் சற்றே நிற்றல் வேண்டும். தமிழ்க் ககரத்தைத் தொடும் விரலும் சிங்களக் ககரத்தைத் தொடும் விரலும் ஒரே இரண்டு புள்ளிகளைத்தான் தொடுகின்றன. 1912இல் மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய பாடசாலை இரத்மலானையில் வளர்ந்தது. 1956இல் கைதடியில் நவீல்ட் பாடசாலை எழுந்தது. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியதும் அதே 1956இலேதான். கண்ணுள்ளோர் எழுத்தின் பெயரால் நாட்டைப் பிளந்துகொண்டிருந்த வேளையில், கண் தெரியாத பிள்ளைகளின் விரல்களுக்கு இரு மொழிகளும் பெரும்பாலும் ஒரே எழுத்தில் வாய்த்திருந்தன. இதைவிடக் கூர்மையான விமர்சனம் நமது மொழி அரசியலுக்கு வேறு வேண்டுமோ?

இனி நம் காலத்துக்கு வருவோம். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, கட்டணம் என்னும் மதிலைத் தகர்த்தது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது புதியதொரு மதில் எழுந்தது. பாடம் கைத்தொலைபேசிக்கு மாறிற்று. கைத்தொலைபேசியும் தரவுக் கட்டணமும் பெற்றோரின் பொறுப்பாயின. மலையகத்திலும் வன்னியிலும் பிள்ளைகள் அலைவரிசை கிடைக்கும் மேட்டைத் தேடி ஏறினர். ஆசிரியர் அனுப்பும் கையெழுத்துக் குறிப்பின் நிழற்படம் கண் தெரியாத பிள்ளைக்கு வெறுங் கண்ணாடி. அவர் அனுப்பும் குரற்பதிவு காது கேளாத பிள்ளைக்கு வெறும் மௌனம். ஏழைப் பிள்ளைக்கு இரண்டுமே கிட்டவில்லை.

ஆயினும் இக்காலத்திலும் பிரெயிலின் வழியில் வந்தோர் உளர். கணினித் திரையிலுள்ள எழுத்தைக் குரலாக வாசித்துக்காட்டும் மென்பொருள்கள், ஆசிரியரொருவரின் பல மாதச் சம்பளத்துக்கு ஈடான விலையில் விற்கப்பட்டு வந்தன. 2006இல் அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரன் என்னும் விழிப்புலனற்ற இளைஞர், அவ்வாறே விழிப்புலனற்றவரான ஜேம்ஸ் தே என்னும் நண்பரோடு சேர்ந்து, என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை உருவாக்கி உலகுக்கு இலவசமாக வழங்கினார். அது தமிழையும் வாசிக்கின்றது. ஒரு கணினி இருந்தால் விழிப்புலனற்ற மாணாக்கன் இன்று நாளேட்டையும் நாவலையும் பிறர் துணையின்றி வாசிக்கலாம்.

இங்கேதான் ஆசிரியராகிய நமக்கு ஒரு கடமை காத்திருக்கின்றது. நம் நாட்டிலே வினாத்தாள்களும் பாடக் குறிப்புகளும் ஏடுகளும் நெடுங்காலமாகப் 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்யப்பட்டு வந்துள்ளன. கண்ணுக்கு அவை தமிழ். கணினியின் உள்ளேயோ அவை ஆங்கில விசைகளின் வரிசையே. பாமினியில் 'அம்மா' என்று எழுதினால், திரைவாசிப்பான் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்னும் பொருளற்ற எழுத்துக்களையே காண்கின்றது. தாயின் பெயரைக்கூட அப்பிள்ளை கேட்க முடியாது. அதே சொல்லை யுனிக்கோட் என்னும் ஒருங்குகுறியில் எழுதினால் 'அம்மா' என்றே ஒலிக்கும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. எழுத்துருவை மாற்றும் மனம் ஒன்றே போதும். நூல்களை வெறும் நிழற்படங்களாக இணையத்தில் ஏற்றுவதற்கும் இது பொருந்தும். ஹாயியின் புடைப்பெழுத்தைப் போல, இவையும் கண்ணுள்ளோரின் வசதிக்காகக் கண்ணுள்ளோர் செய்துகொண்ட ஏற்பாடுகளே.

1996இல் நமது நாட்டில் உடற்குறையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் நிறைவேறிற்று. ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையை 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்தது. சட்டங்கள் வழியைத் திறக்கும். நடந்து செல்ல வேண்டியவர் மக்களே. அடுத்த திறன் பலகை நமது பாடசாலைக்கு வரும்போது விழாவெடுத்து நாடா வெட்டுவதற்கு முன் நாம் சில வினாக்களை எழுப்புதல் வேண்டும். இதனைத் தெரிவுசெய்தவர் யார்? இதனால் இலாபமடைபவர் யார்? வகுப்பின் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையிடம் எவரேனும் கேட்டனரா? இக்கருவியால் அப்பிள்ளை பிறர் சொல்வதைக் கேட்க மட்டும் முடியுமா, தன் எண்ணத்தைச் சொல்லவும் முடியுமா?

இவ்வினாக்களை அதிகாரிகள் தாமாகக் கேட்கமாட்டார்கள். ஆசிரியர் சங்கங்களும் மாணவர் இயக்கங்களும் பெற்றோரும் சேர்ந்து கேட்டல் வேண்டும். பாரிஸ் நகரில் தடைசெய்யப்பட்ட எழுத்தை மறைவிலே ஒருவருக்கொருவர் கற்பித்த அச்சிறுவர்கள், கல்விக் கருவி எவருடையது என்னும் கேள்விக்குத் தம் விரல்களாலேயே விடை எழுதிவிட்டனர். அவ்விடையை நமது வகுப்பறைகளில் நடைமுறையாக்குவது நம் பொறுப்பாகும்.